நாற்பத்தொரு கிடாக்கள்

அரசாங்கப் பதிவேட்டில் பிபியானா சோரெங்கின் வேலை "புல் வெட்டுபவர்". பதினான்கு வருடம் அந்தப் பெயரில்தான் சம்பளம் வாங்கினாள். எங்கள் மாவட்டத்து ஹாக்கி மைதானத்தில் புல் வெட்டினாள், சுண்ணாம்பில் கோடு போட்டாள், கோல் கம்பங்களுக்கு வெள்ளையடித்தாள். காலை ஐந்தரைக்கும் மாலை நாலுக்கும் முப்பது நாற்பது பெண்பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தாள். அந்த வேலை எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

போன மாதம் பன்னிரண்டாம் தேதி இறந்தாள். ஐம்பது வயது. ராஞ்சிப் பத்திரிகை ஒன்று நான்கு வரி போட்டது. "முன்னாள் இந்திய ஹாக்கி வீராங்கனை" என்று சரியாகவே போட்டிருந்தார்கள்.

அவள் இந்திய முகாம்களில் இருந்த ஏழு வருடமும் நானும் இருந்தேன், மாற்று கோல்கீப்பராக. பெயர் ப்ரிஸ்கா குல்லு. இப்போது மிஷன் பள்ளியில் இந்தி நடத்துகிறேன். பிபியானா என்னைவிட மூன்று வயது மூத்தவள், அதனால் எனக்கு தீதி. அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு. "காலேஜு" என்பாள். எங்கள் பக்கத்திலிருந்து அணிக்குப் போனவர்களில் பட்டம் வாங்கியது நான் ஒருத்திதான். அதைக் கடைசிவரை சொல்லிக் காட்டினாள்.

அவள் பிறந்தது சால் மரக் காட்டை ஒட்டிய கர்ராபானியில். அப்பாவுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம், கேழ்வரகு விளையும். வளைந்த மூங்கில் வேர்தான் முதல் மட்டை. அறுவடை முடிந்ததும் எங்கள் ஊர்களில் கஸ்ஸிப் பந்தயம் தொடங்கிவிடும். ஜெயித்த அணிக்கு ஒரு கஸ்ஸி, அதாவது காயடித்த கிடா. தோற்ற அணிக்கு ஒரு சேவல். கோப்பை கிடையாது. சிறந்த ஆட்டக்காரர் என்று தனியாக யாரையும் கூப்பிட மாட்டார்கள். கிடாவை அன்றைக்கே அடித்துச் சமைத்து, ஆடியவர்களுக்கும் பந்து பொறுக்கியவர்களுக்கும் மட்டை இரவல் கொடுத்தவர்களுக்கும் சால் இலையில் பங்கு வைப்பார்கள். தோற்றவர்களும் அதே பந்தியில் உட்கார்வார்கள். அப்படி ஒரு பந்தயத்தில் பதின்மூன்று வயது பிபியானாவைப் பார்த்துவிட்டு ஒரு கன்னியாஸ்திரி அவளை விடுதிக்கு அழைத்துப்போனார். பத்தொன்பது வயதில் இந்திய அணி.

அவள் ஃபுல்பேக். எனக்கு முன்னால் நிற்கிற கடைசி ஆள். நான் பெரும்பாலும் ஓரத்தில் உட்கார்ந்திருந்ததால் அவள் ஆட்டத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். அதிகம் ஓட மாட்டாள். பந்து வருகிற இடத்துக்கு முன்னாலேயே போய் நின்றுகொள்வாள். பார்ப்பவர்களுக்கு எதிரணிக்காரி தானாகத் தவறவிட்ட மாதிரி இருக்கும்.

அந்த ஏழு வருடத்தில் ஆண்கள் அணி பதினாறு வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போனது. நாங்கள் நான்குக்குப் போனோம். ஐந்தாவதற்குப் பெட்டி கட்டி, கோட்டு தைத்து, விமானம் ஏற வேண்டிய காலையில் நிறுத்தினார்கள். பதக்கம் வராத அணியை அனுப்புவதில்லை என்று முடிவாம். கோட்டைத் திருப்பிக் கேட்டார்கள். தீதி தன் கோட்டை மடித்து, பித்தானெல்லாம் போட்டு, மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

அவள் ஆடிய அதே காலத்தில், அவள் ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டரில் பிறந்த ஜஸ்டின் தோப்னோ ஆண்கள் அணியில் ஃபுல்பேக்காக இருந்தான். ரயில்வேயில் அதிகாரியானான். டில்லி விருதும் வந்தது. மைதானத்துச் சுவரில் அவன் முகத்தைப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். அந்தச் சுவருக்கு வருடா வருடம் சுண்ணாம்பு அடித்தவள் தீதி. முகத்தின்மேல் படாமல் சுற்றி அடிப்பாள். "நல்லாத்தான் ஆடுவான். மூக்கைத்தான் சரியா வரையல" என்பாள். அவ்வளவுதான்.

எங்கள் மாவட்டத்திலிருந்து இந்தியாவுக்கு ஆடப்போனவர்களில் பெண்கள்தான் அதிகம். சுவரில் ஒரு பெண் முகமும் இல்லை. டில்லி விருது வாங்கியவர்களைத்தான் சுவரில் வரைவார்கள்.

விருதைப் பற்றித் தீதி யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தது நீலத் தரை.

போன வருடம் மைதானத்துப் புல்லைச் சுரண்டி எடுத்துவிட்டுச் செயற்கைத் தரை போட்டார்கள். எங்கள் பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் அடித்தால் போதும், வெட்ட வேண்டியதில்லை. அடுத்த வாரமே மாவட்ட விளையாட்டு அதிகாரி தீதியைக் கூப்பிட்டார். துணைக்கு என்னையும் வரச் சொன்னாள்.

"புல்லே இல்ல. புல் வெட்டறவங்களை வெச்சுக்கிட்டுத் தணிக்கைக்கு நான் என்ன பதில் சொல்றது, நீங்களே சொல்லுங்க."

"நான் பிள்ளைங்களுக்கு ஆட்டம் சொல்லித்தரேனே சார்."

"தெரியும். எனக்குத் தெரியும், கலெக்டருக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியலியே."

நல்ல மனிதர்தான். ஒரு வழி சொன்னார். பயிற்சியாளர் வேலைக்கு டிப்ளமா வேண்டும், இல்லையென்றால் தேசிய விருது வேண்டும். தீதி பத்தாவதோடு நின்றவள். டிப்ளமா ஆகாது. ஆட்டத்தை விட்டவர்களுக்கு என்று ஒரு வாழ்நாள் விருது இருக்கிறது, அதற்கு மனுப் போடுங்கள் என்றார். "வந்துச்சுன்னா அன்னிக்கே ஆர்டர் அடிச்சுடறேன். உங்க போஸ்டை மார்ச் வரைக்கும் இழுத்துப் பிடிக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

வெளியே வந்ததும் தீதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெகுதூரம் நடந்தாள். பிறகு, "விருது இல்லாட்டி கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க, அப்படித்தானே?" என்று கேட்டாள். அப்படித்தான் என்றேன். "சரி, அப்ப எழுது. ஃபாரம் எழுதறதுல நீதான் பெரிய ஆளாச்சே."

அது உண்மை. இந்த வட்டாரத்தில் யாருக்கு மனு எழுத வேண்டியிருந்தாலும் என்னிடம் வருவார்கள். அதிகாரிகளுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று எனக்குத் தெரியும் என நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். ஒரு பிளாஸ்டிக் பையில் பள்ளிச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட், ஆசியக் கோப்பையில் இரண்டாவதாக வந்ததற்கான மெடல், ரேஷன் அட்டை.

"ரேஷன் கார்டு எதுக்கு தீதி?"

"இருக்கட்டும். சர்க்கார்ல எப்ப எதைக் கேப்பான்னு யாருக்குத் தெரியும்?"

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் படித்துச் சொல்லச் சொல்ல அவள் பதில் சொன்னாள்.

"அடித்த கோல்கள்னு ஒரு கட்டம் இருக்கு."

"ஃபுல்பேக் எங்கடி கோல் அடிக்கிறது? ஒண்ணும் இல்ல."

"பூஜ்யம்னு போட்டுடட்டுமா?"

"அடிச்ச கோல் கேக்கறான் சரி. அடிக்க விடாத கோலை எங்க எழுதறது?"

"அதுக்குக் கட்டம் இல்ல தீதி."

"ஜஸ்டினும் என்னை மாதிரிதானே நின்னான்? அவன் என்ன போட்டானாம்?"

"அவங்க டீம்ல பெனால்டி கார்னர் அவன்தானே அடிப்பான். இருபத்தாறு கோல்."

"அதானே. நம்ம டீம்ல கார்னர் கிடைச்சா கேப்டனம்மா யாரையும் கிட்ட விட மாட்டா." சிரித்துக்கொண்டே பூஜ்யத்தைப் போடச் சொன்னாள்.

அடுத்த கட்டம், பெற்ற பரிசுகள். முக்கியமானதை முதலில் எழுத வேண்டும் என்றிருந்தது.

"எழுது. சல்கா ஊர்ல ஒரு கிடா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"தீதி, இது டில்லிக்குப் போறது."

"ஏன், டில்லிக்காரன் ஆடு திங்க மாட்டானா?"

"ஆசியக் கோப்பையை மொதல்ல போடுவோம்."

"அதுல நாம ரெண்டாவதாத்தான் வந்தோம் காலேஜு. கிடாவெல்லாம் மொதல்ல வந்து வாங்கினது."

இதில் அவள் விளையாடவில்லை. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஜெயித்தது கிடா. தோற்றது சேவல். வெள்ளி மெடல் என்பது சேவல். கடைசியில் ஒரு சமரசம் பண்ணினோம். படிவத்தில் ஆசியக் கோப்பை. கிடாக்கள் தனித்தாளில், இணைப்பாக.

நான்கு தாள் வந்தது. மொத்தம் நாற்பத்தொரு கிடா. பதினேழு அவள் ஆடி வாங்கியவை. மீதி இருபத்து நான்கும் ஆட்டத்தை விட்டபிறகு, மைதானத்துப் பிள்ளைகளை அணியாகக் கூட்டிப்போய் வாங்கியவை. வருடம், ஊர், எதிரணி, எத்தனைக்கு எத்தனை என்று எல்லாம் தலைக்குள்ளேயே வைத்திருந்தாள். கிடாவின் நிறம்கூடச் சொன்னாள். "அது காது கிழிஞ்ச கறுப்பு. எழுது." நிறத்தை நான் எழுதவில்லை.

"வெறும்ன எழுதினா நம்ப மாட்டான்" என்று அவளே சொல்லிவிட்டு, அடுத்த இரண்டு ஞாயிறும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். ஒவ்வொரு ஊர்த் தலைவரிடமும் அந்தந்த வரிக்கு நேராகக் கையெழுத்து வாங்கினாள். எழுதத் தெரியாதவர்களுக்காக மை டப்பாவும் கொண்டுபோனாள். பத்தொன்பது ஊர். பதினோரு கையெழுத்து, எட்டு ரேகை. தாள்களைத் திருப்பிக் கொண்டுவந்தபோது ஓரமெல்லாம் நீல மை. அப்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். மேட்டில் சைக்கிள் மிதித்ததால் என்றாள்.

டிசம்பரில், மனு வாங்கும் கடைசி நாளன்று ராஞ்சிக்குப் போனோம். போகும் வழியெல்லாம் தீதிக்கு வயிறு வலித்தது. அலுவலகத்துக்கு வெளியே மரத்தடி பெஞ்சில் சோடா வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நீ போ. நான் வந்தா ஏதாவது பேசிடுவேன்."

உள்ளே மேஜைக்காரர் மரியாதையாக நாற்காலி போட்டார். தாள்களை நிதானமாகப் புரட்டினார்.

"அம்மா நல்லா ஆடியிருக்காங்க. ஆனா இந்த வருஷம் நம்ம மாநிலத்துல இருந்து ஒரு லேடி பேரு ஏற்கெனவே சேர்த்தாச்சு, வில்வித்தை."

"மொத்தம் எத்தனை பேர் அனுப்பறீங்க?"

"ஆறு."

"மீதி அஞ்சும்?"

"ஆண்கள்."

"ஒரு லேடிதான் போகணும்னு ஃபாரத்துல இல்லையே சார்."

"ஃபாரத்துல இல்ல மேடம். வழக்கம்." கொஞ்சம் யோசித்தார். "ஆறாவதா வெச்சிருந்த ஒருத்தர் காகிதம் இன்னும் வரல. அஞ்சு மணிக்குள்ள வரலேன்னா இதை வெக்கலாம். ரெண்டு லேடி இருந்தா இருக்கட்டும்."

அப்போதுதான் கடைசி நான்கு தாளுக்கு வந்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு பக்கத்து மேஜையைப் பார்த்து, "மிஸ்ராஜி, இங்க வாங்க, ஆட்டுக்கறி விருந்து இருக்கு" என்றார். மூன்று பேர் எழுந்து வந்தார்கள். ஒருவர் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒருவர் ரேகைகளை எண்ணினார். அவர்களோடு நானும் சிரித்தேன் என்பதையும் எழுத வேண்டும்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். கமிட்டியில இதைப் பாத்தா சிரிப்பாங்க. சிரிச்ச ஃபைல் அப்புறம் எந்திரிக்காது. நீங்க படிச்சவங்க. இதை எடுத்துட்டுக் குடுத்தா இன்னிக்கே அனுப்பிடலாம்."

மணி நாலு இருபது. நான் குண்டூசியைக் கழற்றி நான்கு தாளையும் உருவினேன். மடித்துக் கைப்பையில் வைத்தேன். மற்றதை மறுபடியும் குத்திக் கொடுத்தேன். அவர் முத்திரை போட்டார். வெளியே போய்த் தீதியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று தோன்றவே இல்லை. தோன்றியது, ஆனால் அவள் வேண்டாம் என்பாள் என்று தெரியும்.

"எல்லாம் ஆச்சா?" என்று கேட்டாள் பெஞ்சிலிருந்து.

"ஆச்சு. அனுப்பறாங்க."

"ஆட்டைப் பாத்துச் சிரிச்சானா?"

"கொஞ்சம்."

"சிரிக்கட்டும். ரேகையெல்லாம் பாத்தானா?"

"பாத்தாங்க."

"அது போதும்" என்று எழுந்தாள்.

மார்ச் இரண்டாவது வாரம் கடிதம் வந்தது. பள்ளி முகவரிக்கு, ஆங்கிலத்தில். நான் அதை மைதானத்துக்கு எடுத்துப்போனேன். தீதி நீலத் தரைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். அதற்கும் அவள்தான் ஆள், சம்பளம் புல்லுக்கு.

கடிதத்தில் மூன்று வரி இருந்தது, கூடவே விருது வாங்கியவர்கள் பட்டியல். மனு ஏற்கப்படவில்லை. ஆடிய காலத்துச் சாதனை பரிசீலிக்கப்பட்டது. ஓய்வுக்குப் பிறகு விளையாட்டுக்கு ஆற்றிய பணிக்குச் சான்று எதுவும் இணைக்கப்படவில்லை.

மூன்றாவது வரியை நான் பேருந்து நிறுத்தத்தில் நின்று பலமுறை படித்திருந்தேன். அவள் பதிவேட்டில் புல் வெட்டுபவர். ஓய்வுக்குப் பிறகு அவள் செய்ததற்கு உலகத்தில் இருந்த ஒரே எழுத்து அந்த இருபத்து நான்கு கிடாக்கள். பத்தொன்பது ஊர் சாட்சி. அது என் மேஜை இழுப்பறையில் இருந்தது.

"என்ன போட்டிருக்கான்?"

"கிடைக்கல தீதி."

"ஏன்னு ஒரு வரி இருக்குமே."

"இல்ல. அதெல்லாம் போட மாட்டாங்க."

குழாயைக் கையில் பிடித்தபடி நின்றாள். தண்ணீர் அவள் காலில் விழுந்துகொண்டிருந்தது. "வாங்கினவங்க லிஸ்ட்ல பொம்பளை யாராச்சும் இருக்காங்களா?"

"அஞ்சு பேர்ல ஒருத்தர்."

"அப்ப இந்த வருஷத்துக்கு ஆச்சு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை அடைக்கப் போனாள்.

ஏப்ரலில் டிப்ளமா படித்த ஒரு இளைஞர் பயிற்சியாளராக வந்தார். பெயர் நிஷாந்த். குறை சொல்ல முடியாத ஆள். தீதிக்கு அவரே கேட்டு ஒரு பார்வையாளர் அட்டை வாங்கிக்கொடுத்தார். இரண்டு வாரம் போய் வேலியோரம் நின்றாள். அவர் விசில் ஊதினால் பிள்ளைகள் முதலில் வேலிப் பக்கம் திரும்பித் தீதியைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் ஓடுவார்கள். இதை அவள் கவனித்துவிட்டாள். "அந்தத் தம்பி பாவம். எத்தனை வாட்டி விசில் ஊதுவான்?" என்றாள். மறுநாளிலிருந்து போகவில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கணவர் லாரன்ஸின் சைக்கிள் கடையில் உட்கார்ந்து டியூபுக்கு ஒட்டுப் போட்டாள். அவள் கை பட்ட ஒட்டு பிரியாது என்று பெயர். மாலை நாலு மணிக்கு மட்டும் கடைக்குள்ளே போய்விடுவாள். பிள்ளைகள் மட்டையோடு போகும் நேரம் அது.

செப்டம்பரில் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. பெரிதாகிவிட்டது என்றார்கள்.

ராஞ்சி ஆஸ்பத்திரிக்கு நான் சனிக்கிழமை தோறும் போனேன். ஆறு சனிக்கிழமை. சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு முறையும் பேருந்து ஏறினேன். அங்கே போனால் அவள் பேசிக்கொண்டிருப்பாள். பக்கத்துக் கட்டில்காரி குறட்டை விடுவதை, டாக்டரின் ஒரு செருப்பு மட்டும் கிறீச்சிடுவதை. "இங்க போடற பருப்புல தண்ணி அடிச்ச கையைத் தேடிக்கிட்டு இருக்கேன். நீலத் தரைக்கு நல்லா அடிப்பான்" என்றாள் ஒருமுறை.

ஐந்தாவது சனிக்கிழமை, நான் கிளம்பும்போது கையைப் பிடித்தாள்.

"காலேஜு, அடுத்த டிசம்பர்ல மறுபடியும் ஃபாரம் வருமில்ல?"

"வரும் தீதி."

"போடுவோம். வேலைக்கு இல்ல. வேலை போச்சு, அது போகட்டும். நம்ம பிள்ளைங்கள்ல யாராச்சும் ஃபுல்பேக் ஆடினா, நாளைக்கு அவளுக்கு ஒரு வழி இருக்கும். ஒருத்தி வாங்கிட்டா அப்புறம் கேக்க முடியும் பாரு. ஆட்டு லிஸ்ட் ஜெராக்ஸ் வெச்சிருக்கேல்ல?"

"இருக்கு."

"ஒரிஜினல் அவங்ககிட்ட இருக்கு. அது பத்திரமாத்தான் இருக்கும்."

"இருக்கும்" என்றேன்.

ஆறாவது சனிக்கிழமை அவள் விழிக்கவில்லை. அதற்கடுத்த செவ்வாய் முடிந்தது. கர்ராபானியில் அடக்கம் செய்தோம். ஜஸ்டின் வந்திருந்தான். சவப்பெட்டியின் ஒரு முனையைக் கடைசிவரை பிடித்து வந்தான். எனக்கு அழுகை வரவில்லை. இதுவரையில் வரவில்லை.

பத்தாம் நாள் உறவுக்காரர்களுக்கும் ஊராருக்கும் லாரன்ஸ் சாப்பாடு போட்டார். சைக்கிள் கடைக்குப் பின்னால் பந்தி. சுற்றுப்பட்ட ஊர்த் தலைவர்கள் பலர் வந்திருந்தார்கள். நான் இலையோரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தேன். சல்கா ஊர்த் தலைவர் மதியஸ் டுங்டுங் என்னைப் பார்த்ததும் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஜெய் யேசு, டீச்சரம்மா."

"ஜெய் யேசு, பெரியப்பா."

"அந்தக் காகிதம் டில்லி போய்ச் சேர்ந்துச்சா?"

"எந்தக் காகிதம்?" தெரிந்தேதான் கேட்டேன்.

"ஆட்டுக் காகிதம்மா. எங்க ஊர்ல மூணு கிடா. நான் ரேகை வெச்சேனே. பிபியானா மை டப்பாவோட வந்து, கையைத் தொடைக்கத் துணியும் அதுவே குடுத்துச்சு."

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தலையாட்டினார். அவரும் வைத்தவர்தான். அந்த வரிசையிலேயே ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

"போகல பெரியப்பா."

"ஏன், தபால்ல தொலைஞ்சுபோச்சா?"

ஆமாம் என்றால் அதோடு முடிந்திருக்கும். அவரே எடுத்துக் கொடுத்த பதில்.

"நான்தான் எடுத்துட்டேன். ஆபீஸ்ல சிரிச்சாங்க. அது இருந்தா விருது வராதுன்னு சொன்னாங்க."

"சிரிச்சா என்ன?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

லாரன்ஸ் பருப்பு வாளியோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"எடுத்ததுனால வந்துச்சா?" என்று லாரன்ஸ் கேட்டார்.

"வரல. அந்தச் சான்று இல்லேன்னு கடுதாசியில போட்டிருந்துச்சு."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் படிச்சுக் காட்டல."

லாரன்ஸ் அடுத்த இலைக்குக் குனிந்து பருப்பு ஊற்றினார். அதற்கடுத்த இலைக்கும் ஊற்றினார். வரிசை முடிகிறவரைக்கும் திரும்பவில்லை.

மதியஸ் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். மற்ற தலைவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

"காகிதம் இப்ப எங்க இருக்கு?"

"என் வீட்டுல."

"கொண்டாந்து குடு. எங்க கை வெச்சது."

போய் எடுத்து வந்தேன். நான்கு தாளும் மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருந்தன. மதியஸுக்குப் படிக்கத் தெரியாது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தன் ரேகையைக் கண்டுபிடித்தார். அதன்மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் காட்டிவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நாங்க கொண்டுபோய்க் குடுத்துக்கறோம்."

"இனிமே முடியாது பெரியப்பா. இறந்தவங்க பேர்ல மனுப் போட முடியாது."

"அப்படின்னு யாரு சொன்னா?"

"ஃபாரத்துல இருக்கு."

"அன்னிக்கும் ஃபாரம்தான் சொல்லுச்சா, எடுக்கச் சொல்லி?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப அவங்களையே நேர்ல கேட்டுக்கறோம். அவங்க சொல்லட்டும் எங்ககிட்ட, எங்க ஊர்ல யாரு கிடா வாங்கினதுன்னு." மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். ஏழு பேர் இருந்தார்கள். ஒருவர் திங்கட்கிழமை என்றார். இன்னொருவர் திங்கள் சந்தை, செவ்வாய் போகலாம் என்றார். செவ்வாய் என்று முடிவாயிற்று.

"நானும் வரேன்" என்றேன்.

"நீ வர வேணாம்மா" என்றார் மதியஸ். அதையும் கோபமில்லாமல்தான் சொன்னார். "ராஞ்சி பஸ் எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லு."

"காலைல அஞ்சு அம்பதுக்கு" என்றேன். "பஜார் முக்குல நிக்கும்."